உங்கள் தோட்டத்தின் கதையைத் தொகுக்கத் தொடங்குகிறவர்களுக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். அம்மா பிறந்த ரப்பர்த் தோட்டம் இங்கிருந்து காரில் 20 நிமிடம். இப்போது அங்கே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை, பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. செம்பனைதான் நிரை நிரையாக நிற்கிறது. யார் யார் அங்கே இருந்தார்கள், எந்த லயம் எங்கே இருந்தது, கோயிலை யார் கட்டினார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும் என்று இறங்கினேன். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது 14 மாதம் இழுத்தது. அதில் எட்டு மாதம் வீண். தவறான பெயரைச் சொல்லி, தவறான இடங்களில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். திருமண வீட்டில், கோயில் அன்னதானத்தில் பலரும் கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நான் மாற்றித்தான் மாட்டிக்கொண்டேன்.

1. முதலில் ஒரு பெயர்த்தாள் எழுதுங்கள்

எந்த அலுவலகத்துக்கும் போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, உங்கள் தோட்டத்துக்கு இருந்த எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு பெயர்தானே என்று நினைக்காதீர்கள். எங்கள் பாட்டி வாயில் அது எப்போதும் ‘புதுத்தோட்டம்’. அந்தப் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் இருந்தது ஓர் ஆங்கிலப் பெயர். அது முழுத் தோட்டத்தின் பெயரும் இல்லை, அதன் ஒரு டிவிஷனின் பெயர். தோட்டத்தின் பெயர் வேறு, கம்பெனியின் பெயர் வேறு, பிறகு வாங்கிய கம்பெனி வைத்த பெயர் வேறு. ஆக ஐந்து பெயர்.

தாளில் இத்தனை வரி இருக்க வேண்டும்: நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர், துரை பெயரை வைத்து வழங்கிய பெயர் இருந்தால் அது, டிவிஷன் பெயர், தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், கம்பெனி, இன்றைய கம்பெனி, கடிதம் வந்த தபால் முகவரி, பக்கத்துத் தோட்டங்களின் பெயர்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தோட்டங்களைச் சேர்ப்பதும் பிரிப்பதும் நடந்துகொண்டே இருந்ததால், உங்கள் டிவிஷன் ஒரு காலத்தில் பக்கத்துத் தோட்டத்தின் கணக்கில் இருந்திருக்கலாம்.

கம்பெனி பெயர் மாறியதில் பலர் தடுமாறுகிறார்கள். கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் 2007-இல் ஒன்றாயின. அந்தத் தோட்டக் கம்பெனி 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தாத்தா காலத்துக் கத்ரியும் இன்றைய எஸ்டி கத்ரியும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டால் பாதி வழியில் நிற்பீர்கள். 1950களிலும் 60களிலும் துண்டாடலில் போன தோட்டமாக இருந்தால் இன்னும் சிரமம். ஒரே தோட்டம் பல கைக்குச் சிறு சிறு துண்டாகப் போயிருக்கும். அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான் அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உங்கள் தோட்டத்தைச் சங்கம் வாங்கியதா என்று வீட்டில் கேளுங்கள். வாங்கியிருந்தால் பெயர்த்தாளில் அதுவும் ஒரு வரி.

எழுத்துப் பிழை போலத் தெரிவது பல நேரம் பிழை இல்லை. நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் இப்போது ‘ஏ, ஐ’ என்று முடிகிற சுங்கை (Sungai), பழைய தாள்களில் ‘இ, ஐ’ என்று முடியும் (Sungei). மலாய் எழுத்துச் சீர்திருத்தம் 1972-இல்தான் வந்தது. அதற்கு முந்திய எதைத் தேடினாலும் பழைய எழுத்தில் தேடுங்கள். வேறு ஊர்க்காரர்களுக்கும் இதே கதைதான். தெலுக் இந்தான் பழைய தாள்களில் தெலுக் ஆன்சன், போர்ட் கிள்ளான் அங்கே போர்ட் சுவெட்டன்ஹாம், பெஸ்தாரி ஜெயா 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை.

செலவு: ஒன்றும் இல்லை. நேரம்: இரண்டு வாரம் விடுங்கள். தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். வருகிற உறவினர் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்வார்கள்.

2. வீட்டிலிருக்கும் காகிதங்கள்

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதைத் திறந்து இவற்றைத் தேடுங்கள்:

- பிறப்பு சூரா (பிறப்புப் பத்திரம்), இறப்புப் பத்திரம், திருமணப் பதிவு
- பழைய அடையாள அட்டை (மலாயாவில் அடையாள அட்டை 1948-இல், கம்யூனிஸ்டு கிளர்ச்சியால் வந்த அவசரகாலத்தில் வந்தது, சிலர் வீட்டில் அந்தக் காலத்து அட்டையே இருக்கிறது)
- சிவப்பு அடையாள அட்டை (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கானது), குடியுரிமைத் தாள்கள், பழைய பாஸ்போர்ட்
- சேமநிதிக் கணக்கு அறிக்கைகள் (சேமநிதி 1951-இல் தொடங்கியது)
- தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை, கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம்
- சம்பளச் சீட்டு, தோட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு
- பள்ளியை விட்டு நின்றதற்கான சான்றிதழ், மார்க்கு அட்டை
- திருவிழா நோட்டீஸ், திருமண அழைப்பிதழ், செய்தித்தாளில் வந்த கண்ணீர் அஞ்சலித் துண்டுகள்

கடைசி வரியில் இருப்பதைக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். பழைய திருமண அழைப்பிதழில் இரண்டு தோட்டத்தின் பெயர், டிவிஷன், கங்காணி பெயர், கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் எல்லாம் அச்சில் இருக்கும். என் பெயர்த்தாளில் மூன்று வரி ஓர் அழைப்பிதழிலிருந்து வந்தவை.

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தைப் பல வருடம் கையில் எடுத்திருக்கிறேன், படித்ததில்லை. நான்காக மடித்த மடிப்பில் தாள் நைந்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை. பிறந்த இடம் என்ற கட்டத்தில் நீல மையில் சாய்ந்த கையெழுத்து. டிவிஷன் பெயரின் கடைசி எழுத்து அந்த ஓட்டையில் போய்விட்டது. அந்த ஓர் எழுத்தை நானாக நிரப்பிக்கொண்டதால்தான் எட்டு மாதம் போனது. எழுத்து தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஊகத்தை எழுதாதீர்கள்.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, லேமினேட் செய்யாதீர்கள். நம் மக்களுக்கு எதைக் கண்டாலும் பிளாஸ்டிக் போட ஆசை. சூடு பட்டால் பழைய தாள் பழுக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. தெளிவான பிளாஸ்டிக் உறையில் தளர்வாகப் போட்டு வைத்தால் போதும். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் அப்படியே படம் எடுங்கள்.

இரண்டு, பெரியவர்களின் அடையாள அட்டையில் உள்ள பிறந்த தேதியை வேதவாக்காக எடுக்காதீர்கள். பலருக்கு அது குத்துமதிப்பு. பள்ளிப் பதிவில் ஒன்று, அட்டையில் ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று என்று இருக்கும். மூன்றையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறியுங்கள்.

மூன்று, பெயர். கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே லட்சுமி மூன்று தாளில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் இருப்பார். முனியாண்டி முனியனாகவும் இருப்பார். எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயருக்கு ஆறு எழுத்து வடிவம் கிடைத்தது. அவற்றையும் பெயர்த்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேடும்போது ஆறையும் போட்டுத் தேட வேண்டும்.

படம் எடுக்கக் கைப்பேசி போதும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். சிறிய கறுப்பு வெள்ளைப் படங்களை மட்டும் கடையில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தேன். எனக்கு மொத்தம் 45 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

3. பெரியவர்களிடம் போங்கள், இன்றைக்கே

காகிதம் காத்திருக்கும். பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். என் பட்டியலில் முதலில் எழுதியிருந்த ஒன்பது பேரில் இரண்டு பேர், நான் அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டிருந்த மாதங்களில் இறந்துவிட்டார்கள். அதில் ஒருவர் தோட்டத்தில் டிரஸராக (ஆஸ்பத்திரி உதவியாளராக) இருந்தவர். எந்த வீட்டில் எந்தக் குழந்தை எப்போது பிறந்தது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

எப்போது போவது: பசியாறி முடித்து, பத்து மணிக்கு மேல். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்துவிடுங்கள். 40 நிமிடம் போதும். சாயங்காலம் நாடகம் ஓடும் நேரத்தில் போகாதீர்கள். முதல் தடவை பேச்சைப் பதிவு செய்யாமல் சும்மா பேசிவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை, “பாட்டி, நீங்க பேசறத இதுல பதிஞ்சு வச்சுக்கட்டுமா?” என்று கேளுங்கள். அவர் சரி என்று சொல்வதும் பதிவில் வர வேண்டும்.

கைப்பேசியை மேசையில் நேராக வைக்காமல், மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்தச் சொல்ல முடியாது, வெயில் அப்படி. அதற்கு நேர் கீழே உட்காராமல் ஓரமாக உட்காருங்கள். என் முதல் நான்கு பதிவுகளில் காற்றாடி ஓசைதான் கேட்கிறது.

“தோட்டத்து வரலாறு சொல்லுங்க” என்று கேட்டால், “என்ன வரலாறு, பால் வெட்டுனோம், சாப்பிட்டோம்” என்பார்கள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்க? காண்டா வாளியைத் தூக்கி எவ்வளவு தூரம் நடந்தீங்க? ஸ்டோர்ல பால் நிறுக்கிறவர் யாரு? ஆயாக்கொட்டகையில பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க? மழை பெய்ஞ்சா அன்னிக்குச் சம்பளம் உண்டா? இப்படிக் கேட்டால் ஒரு கேள்விக்குப் பத்துப் பெயர் வரும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போன காலம் ஒன்று. 1968-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் மூட்டை முடிச்சோடு இந்தியாவுக்குக் கப்பலேறியது இன்னொன்று. இந்தப் பக்கம் பல குடும்பங்களில் அண்ணன் இங்கே, தம்பி ஊரில் என்று பிரிந்தது அப்போதுதான். இதை நீங்களாக முதல் நாளே எடுக்காதீர்கள். அவர்களாக எடுத்தால் குறுக்கே பேசாதீர்கள். ஒரு தாத்தா “ரஜூலா” என்று கப்பல் பெயரைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அவரே போன் செய்து கூப்பிட்டு மீதியைச் சொன்னார்.

பதிவு செய்த அன்றைக்கே, பேசியவர் பெயர், தேதி, இடம் மூன்றையும் கோப்பின் பெயராக மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் எந்தக் குரல் எது என்று குழம்பும்.

4. கச்சான் (நிலக்கடலை) தோட்டில் ஒரு வரைபடம்

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாக நடந்தது. 84 வயதுப் பாட்டி ஒருவரிடம் தாளும் பேனாவும் கொடுத்து லயங்களை வரையச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், பேனாவைத் தொடவே கூச்சப்பட்டார். அப்புறம் நாங்கள் உரித்துத் தின்றுகொண்டிருந்த கச்சான் தோடுகளை எடுத்துத் தட்டில் வைக்க ஆரம்பித்தார். முதலில் நடுவில் ஒன்று, மாரியம்மன் கோயில். அதற்கு எதிரே இரண்டு வரிசை, மேட்டு லயமும் பள்ளத்து லயமும். கோயிலுக்குப் பின்னால் கிணறு. கள்ளுக்கடைக்கு ஒரு தோட்டை வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு விரல் அகலம் நகர்த்தினார். “இங்க இல்ல, சடக்க தாண்டி.” சடக்கு என்றால் சாலை. ஒவ்வொரு தோட்டையும் தொட்டு அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். 22 வீடு வந்தது. தட்டை மேலிருந்து படம் எடுத்து, அவர் சொல்லச் சொல்லப் பெயர்களைப் படத்தின் மேல் குறித்தேன்.

பிறகு கூகுள் எர்த் புரோவைக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். அதில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி உண்டு. இன்று செம்பனையாகத் தெரியும் இடத்தில், பழைய படத்தில் கூரைகளோ லயம் உடைத்த திட்டோ தெரியலாம். லயம் முன்பே போயிருந்தாலும் சடக்கின் வளைவும் ஆறும் மாறியிருக்காது. அவற்றை வைத்துப் பாட்டியின் தட்டை அதன்மேல் பொருத்தலாம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. பொருந்தியபோது, ஓட்டையில் போன அந்த எழுத்தும் பிடிபட்டது. பள்ளத்து லயம் நான் தேடிய டிவிஷனில் இல்லை, பக்கத்து டிவிஷனில் இருந்தது.

5. பள்ளி

அலுவலகக் காகிதங்களில் நமக்கு மிக நெருக்கமானது பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-இன் தொழிலாளர் சட்டம் சொன்னதால், சின்னத் தோட்டத்திலும் ஒரு தமிழ்ப்பள்ளி இருந்தது. நான் பார்த்த பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த தேதி, நின்ற தேதி, எங்கே போனார் என்பதுவரை இருந்தது.

பொறி எங்கே என்றால், பள்ளியின் பெயரில் ‘லாடாங்’ (மலாயில் தோட்டம்) என்று தோட்டத்தின் பெயர் இருக்கும், பள்ளி அந்தத் தோட்டத்தில் இருக்காது. ஆள் குறைந்த பள்ளிகள் டவுனுக்கும் தாமானுக்கும் மாறின, பெயர் கூடவே வந்தது. மூடிய பள்ளிகளின் பதிவேடு பக்கத்துப் பள்ளிக்குப் போயிருக்கலாம். அதனால் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு மாறினார்கள் என்பதைப் பெரியவர்களிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

தலைமையாசிரியருக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். உங்கள் அடையாள அட்டை நகல், படித்தவரோடு உங்களுக்குள்ள உறவைக் காட்டும் பிறப்புப் பத்திர நகல், தேடும் ஆண்டு ஆகியவற்றை இணையுங்கள். உங்கள் குடும்பத்தின் பதிவை மட்டும் கேளுங்கள். முழுப் பதிவேட்டையும் படமெடுக்க அனுமதி கேட்டால் மறுப்பார்கள், மறுப்பதுதான் சரி. பரீட்சை, விளையாட்டுப் போட்டி நேரத்தில் போகாதீர்கள். எனக்குக் கடிதம் கொடுத்து ஐந்து வாரத்தில் அழைப்பு வந்தது. செலவு நகலெடுத்த 2 வெள்ளி மட்டும்.

6. கோயிலும் இடுகாடும்

கோயிலில் கல்வெட்டைத் தேடாதீர்கள். மணியைப் பாருங்கள், திருவாசியைப் பாருங்கள், குத்துவிளக்கின் அடியைப் பாருங்கள். ‘உபயம்’ என்று போட்டுப் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பார்கள். எங்கள் கோயில் மணியின் உள்விளிம்பில் ஒரு கங்காணியின் பெயரும் ஊரும் இருந்தன. தமிழ்நாட்டில் எந்தத் தாலுகாவிலிருந்து வந்தார்கள் என்பது எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

கும்பாபிஷேகத்துக்கு முன்னால் போங்கள். திருப்பணி தொடங்கினால் பழைய பலகையும் பழைய மணியும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நிர்வாகத்தில் பழைய கும்பாபிஷேக மலர் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இடுகாட்டுக்குப் போக இன்றைய தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கேட்டில் ஜாகா (காவலாளி) விடமாட்டார். முன்கூட்டியே மேனேஜருக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, வருகிறவர்கள் பெயரையும் வண்டி எண்ணையும் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம், நீண்ட கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். கல்லறையில் எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ சாக்கட்டியோ பூசாதீர்கள், கல் கெடும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது போனால் எழுத்து தானாகத் தெரியும். ஒரு கைக்கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் இன்னும் நன்றாக இருக்கும்.

அப்படியே தோட்ட ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) இருக்குமா என்று கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள், நம்பி இருக்காதீர்கள். வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டு வைத்திருக்கத்தான் சொல்கிறது. இல்லை என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், பெரும்பாலும் உண்மையிலேயே இருக்காது.

7. தேசியப் பதிவுத்துறை

வீட்டில் பிறப்பு, இறப்புப் பத்திரம் இல்லை என்றால் மட்டும் போங்கள். உங்கள் அடையாள அட்டை, உறவைக் காட்டும் பத்திரங்கள், பெற்றோர் பெயர், பிறந்த இடம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பது எல்லாம் கையில் இருக்க வேண்டும். பெயர்த்தாளின் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். நான் முதல் தடவை ஒரே ஓர் எழுத்து வடிவத்தைக் கொடுத்தேன், பதிவு இல்லை என்று வந்தது. வேறு வடிவத்தையும் சரியான டிவிஷன் பெயரையும் கொடுத்து மறுபடி கேட்டபோது கிடைத்தது. பழைய பதிவைத் தேட நாள் பிடிக்கும். அதற்காக அவசரப்பட்டு இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

8. பழைய செய்தித்தாள்கள்

வீட்டிலிருந்தே செய்யலாம், காசு கிடையாது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தளத்தில் போட்டிருக்கிறது. மலாயாச் செய்திகள் அதில் ஏராளம், தமிழ் முரசும் இருக்கிறது. சில பக்கங்களை மட்டும் அந்த நூலகத்துக்குள் போய்த்தான் பார்க்க முடியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1948 ஜூன் 16 அன்று எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுடப்பட்டு, அவசரகாலம் இங்கேதான் தொடங்கியது. அதனால் ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் அதே செய்திதான் குவியும். நான் இரண்டு வாரம் அதிலேயே மூழ்கிக் கிடந்தேன். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, ‘தமிழ்ப் பள்ளி’, ‘பால் வெட்டுத் தொழிலாளர்’, ‘வேலைநிறுத்தம்’, ‘கோயில்’, ‘வெள்ளம்’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். ஆண்டையும் குறுக்குங்கள். எனக்கு ஒரு வெள்ளச் செய்தியில்தான் எங்கள் டிவிஷனின் பெயர் அச்சில் கிடைத்தது. மூன்றே வரிச் செய்தி அது.

கிடைத்ததும் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை மட்டும் சேமித்து வைத்தால் பிறகு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

9. ஆர்க்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்)

இது கடைசியாகத்தான். முதலில் இங்கே போனால் அலைச்சல்தான் மிஞ்சும்.

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்று சொன்ன ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கிறது. போவதற்கு முன் வீட்டிலிருந்தே அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடுங்கள். பெயர்த்தாளில் உள்ள எல்லாப் பெயரையும் போட்டுப் பார்த்து, வேண்டிய கோப்புகளின் நுழைவு எண்களை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் தலைப்புதான் தெரியும், கோப்பின் உள்ளடக்கம் தெரியாது. பெரும்பாலும் நிலம், தொழிலாளர் புகார், ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை உரிமம் என்றுதான் தலைப்பு இருக்கும். நம் தாத்தாவின் பெயர் தலைப்பில் வராது. கோப்பைத் திறந்து தாள் தாளாகப் புரட்ட வேண்டும்.

அடையாள அட்டையைக் கொண்டுபோய் ஆய்வாளராகப் பதிந்துகொள்ளுங்கள். பென்சில் எடுத்துப் போங்கள். படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு கோப்புக்கும் கேளுங்கள். கோப்பு எடுத்து வர நேரமாகும், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். அரசாங்க அலுவலகங்களில் அன்று 12.15 முதல் 2.45 வரை இடைவேளை, பாதி நாள் போய்விடும். கெடாவில் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு வேலை நாள்.

இரண்டு தடவை போனேன். ரயில், சாப்பாடு, ஒரு ராத்திரி தங்கல், நகல் எல்லாம் சேர்த்து 380 வெள்ளி. முதல் பயணத்தில் தவறான டிவிஷன் பெயரோடு போய் ஒன்றும் இல்லாமல் திரும்பினேன். இரண்டாம் பயணத்தில் ஒரே ஒரு கோப்பு. தண்ணீர்க்குழாய் கேட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த மனுவின் நகல் அதில் இருந்தது. கீழே கட்டைவிரல் ரேகைகள், ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்திலும் கிராணி எழுதிய பெயர். பாட்டி கச்சான் தோட்டில் வைத்த 22 வீட்டில் ஏழு வீட்டின் பெயர்கள் அதில் இருந்தன.

10. சேர்த்ததை வைப்பதும் பகிர்வதும்

மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில். எனக்கு டிஸ்க் 210 வெள்ளி. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடுகிறது.

பகிர்வதற்கு முன் அடையாள அட்டை எண்ணை மறையுங்கள். 12 இலக்கத்தில் பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் இருக்கின்றன, பேராக்கில் பிறந்தவருக்கு 08. இதை வைத்து ஏமாற்றுகிற கூட்டம் நிறைய. உயிரோடு இருப்பவர்களின் முகவரியையும் போன் எண்ணையும் எங்கேயும் போடாதீர்கள். சாதி, கடன், குடும்பச் சண்டை, யார் யாரோடு ஓடிப்போனார் என்பதெல்லாம் பேச்சில் வரும். பதிவில் இருக்கட்டும், பொதுவில் வைக்காதீர்கள். பேசியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு வெளியிடுங்கள்.

வெளியிட்டதும் திருத்தங்கள் வரும். “எங்க அப்பா மேட்டு லயம் இல்ல, பள்ளத்து லயம்” என்று ஒருவர் சொல்வார். பாட்டி சொன்னதை அழிக்காதீர்கள். இரண்டையும், சொன்னவர் யார் என்பதோடு எழுதி வையுங்கள். போன மாதம் அப்படிப் பேசிய ஓர் அண்ணன் பேச்சோடு பேச்சாக, தன் அப்பா அந்தத் தோட்டத்தை வேறொரு பெயரில் கூப்பிடுவார் என்றார். குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளில் அதை ஆறாவது பெயராக எழுதிக்கொண்டேன். இந்த வாரம் அந்தப் பெயரைப் போட்டுப் பட்டியலில் மறுபடி தேடப் போகிறேன்.